ஆட்டுக்குப் போடாத ஊசி

2006-ஆம் வருடத்தைத் தமிழ்நாட்டில் யாரும் அவ்வளவு எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். சிக்குன்குனியா வந்து, பல ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்த வருடம் அது. 2004-இல் கென்யாவின் கடற்கரையில் கிளம்பிய அந்தக் காய்ச்சல், இந்தியப் பெருங்கடல் தீவுகளைச் சுற்றிவிட்டு இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது.

அதே 2006-இன் கடைசியில், அதே கென்யாவில், வேறொரு கொசு வேறொரு காய்ச்சலைக் கிளப்பிவிட்டது. அது இந்தியாவுக்கு வரவில்லை. அதனால் இங்கே பெரிய செய்தியாகவும் ஆகவில்லை. அதன் பெயர் ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல்.

இந்தக் காய்ச்சலைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரு முக்கியமான காரணம் இருக்கிறது. கொள்ளைநோய் என்றாலே "திடீரென்று வந்துவிட்டது, என்ன செய்வது?" என்றுதான் எல்லா அரசாங்கங்களும் கை விரிக்கும். ஆனால் ரிஃப்ட் காய்ச்சல் திடீரென்று வருவதில்லை. வானத்தில் சொல்லிவிட்டு, மண்ணில் சொல்லிவிட்டு, ஆட்டு மந்தையில் சொல்லிவிட்டு, கடைசியாகத்தான் மனிதனிடம் வருகிறது. இவ்வளவு மரியாதையாக முன்கூட்டியே அறிவித்துவிட்டு வரும் நோய் வேறு இருக்குமா என்பது சந்தேகம். போதாததற்கு, கால்நடைகளுக்கான தடுப்பூசி 70 வருடத்துக்கும் மேலாகக் கையில் இருக்கிறது.

அப்படியிருந்தும் மக்கள் சாகிறார்கள். ஏன்? இந்தக் கேள்விக்கான விடையில் பாதி மருத்துவம். மீதிப் பாதி வெறும் வரவு செலவுக் கணக்கு!

ஏரிக்கரையில் தொடங்கிய கதை

கென்யாவின் ரிஃப்ட் பள்ளத்தாக்கில் நைவாஷா என்று ஓர் ஏரி. 1930-இல் அந்த ஏரிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பண்ணையில் செம்மறிக் குட்டிகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தன. சினை ஆடுகள் குட்டி வீசின. ஆடுகளைக் கையாண்டவர்களுக்கும் காய்ச்சல் கண்டது. டாப்னி, ஹட்சன், கார்ன்ஹம் என்ற மூன்று பேர் இதை ஆராய்ந்து, ஆட்டின் ஈரலைத் தாக்கும் ஒரு வைரஸே காரணம் என்று 1931-இல் எழுதினார்கள். பள்ளத்தாக்கின் பெயரே நோய்க்கும் ஆயிற்று.

அதற்குப் பிறகு நோய் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தது. 1950-51-இல் தென்னாப்பிரிக்காவில் சுமார் 1 லட்சம் ஆடுகள் செத்தன, 5 லட்சம் குட்டிகள் கருவிலேயே போயின என்று கணக்கிட்டார்கள். 1977-இல் எகிப்தில் நுழைந்தபோது சுமார் 2 லட்சம் மனிதர்களைத் தொற்றியிருக்கும் என்பது மதிப்பீடு. கிட்டத்தட்ட 600 பேர் இறந்தார்கள். அதுவரை "ஆட்டு நோய்" என்று ஒதுக்கி வைத்திருந்தவர்கள் அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

1997-98-இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் பெருவெள்ளம். கூடவே இந்த நோய். கென்யா, சோமாலியா, தான்சானியா மூன்றிலும் சேர்த்து 478 பேர் பலி. 2000-இல் முதல்முறையாக ஆப்பிரிக்காவைத் தாண்டி சவூதி அரேபியாவுக்கும் ஏமனுக்கும் போனது. சவூதியில் மட்டும் 87 பேர் இறந்தார்கள்.

மண்ணுக்குள் காத்திருக்கும் முட்டை

இந்த நோய் ஏன் சில வருடம் காணாமல் போய், பிறகு திடீரென்று தலைகாட்டுகிறது? இதற்கான விடை கொசுவின் முட்டையில் இருக்கிறது.

கிழக்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் ஆழமில்லாத பள்ளங்கள் நிறைய உண்டு. 'டாம்போ' என்பார்கள். ஏறக்குறைய மழைக்காலத்தில் மட்டும் நிரம்பும் குட்டை மாதிரி. ஈடிஸ் வகைக் கொசுக்களில் சில, இந்தப் பள்ளங்களின் ஈர மண்ணில் முட்டையிடும. பிறகு பள்ளம் காய்ந்துவிடும். முட்டை காயாது! வருடக்கணக்கில் மண்ணுக்குள் அப்படியே கிடக்கும். தாய்க்கொசுவின் உடம்பில் வைரஸ் இருந்தால் அது முட்டைக்கும் போய்விடும் என்று 1980-களில் கென்யாவில் நடந்த ஆய்வில் கண்டார்கள்.

பிறகு ஒரு வருடம் பேய்மழை கொட்டும். பள்ளம் நிரம்பும். பல வருடத்து முட்டைகள் ஒரே நேரத்தில் பொரியும். பொரித்து வரும் கொசுவிலேயே வைரஸ் இருக்கும். அது பக்கத்தில் மேயும் ஆட்டையும் மாட்டையும் கடிக்கும். தண்ணீர் பல வாரம் தேங்கி நின்றால் க்யூலெக்ஸ் வகைக் கொசுக்களும் பெருகி, நோயுள்ள ஆட்டைக் கடித்து அடுத்த மந்தைக்குக் கொண்டுபோகும். தீக்குச்சி ஈடிஸ் என்றால் எண்ணெய் க்யூலெக்ஸ்.

ஆக, நோய்க்கு மழை வேண்டும். அதுவும் சாதாரண மழை போதாது, பள்ளத்தை நிரப்பி வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கிற மழை வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்காவில் அப்படிப்பட்ட மழை பெரும்பாலும் எப்போது வரும்? பசிபிக் கடல் சூடாகும் எல் நினோ வருடங்களில், கூடவே மேற்கு இந்தியப் பெருங்கடலும் சூடாகும்போது. கடலின் வெப்பத்தைச் செயற்கைக்கோள் அளக்கிறது. புல் எவ்வளவு பச்சையாகிறது என்பதையும் செயற்கைக்கோள் பார்க்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்து மாதம் வரை முன்னதாகவே ஆபத்தைச் சொல்லிவிடலாம் என்று 1999-இலேயே விஞ்ஞானிகள் எழுதிவிட்டார்கள்.

ஆட்டிலிருந்து ஆளுக்கு

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கொசு மனிதனையும் கடித்து நோயைக் கொடுக்கும். ஆனால் மனிதர்களுக்கு வரும் தொற்றில் பெரும்பகுதி கொசுவால் அல்ல, நோயுள்ள கால்நடையின் ரத்தத்தையும் உறுப்புகளையும் தொடுவதால் வருகிறது. ஆட்டை அறுப்பவர், தோல் உரிப்பவர், வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறும் கையால் எடுத்துப் போடுபவர், பிரேதப் பரிசோதனை செய்யும் கால்நடை மருத்துவர், இவர்கள்தான் முதல் வரிசை. காய்ச்சாத பாலிலும் ஆபத்து உண்டு. மனிதனிடமிருந்து மனிதனுக்குப் பரவியதாக இதுவரை பதிவு இல்லை.

பெரும்பாலானவர்களுக்குச் சாதாரணக் காய்ச்சலாக வந்து போய்விடும். நூற்றில் ஓரிருவருக்குக் கண்ணின் விழித்திரை பாதிக்கப்படும். அவர்களில் சிலருக்குப் பார்வை திரும்பாது. நூற்றில் ஒருவருக்கும் குறைவாக மூளைக்காய்ச்சல் வரும், அல்லது உடம்பில் பல இடங்களில் ரத்தம் கசியும். ரத்தக் கசிவு வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பிழைப்பதில்லை. தனி மருந்து கிடையாது.

ஆட்டுக்கோ கதை வேறு. பிறந்த குட்டிகளில் நோய் கண்டவை நூற்றுக்குத் தொண்ணூறு செத்துவிடும். சினை ஆடுகள் ஏறக்குறைய எல்லாமே குட்டி வீசிவிடும்.

ஒரு மேய்ச்சல்காரர் இடத்தில் இருந்து இதைப் பார்க்க வேண்டும். அவருக்கு வங்கிக் கணக்கு என்பது அந்த மந்தைதான். ஆடு சுருண்டு படுக்கிறது, மூக்கில் ரத்தம் வருகிறது. நாளைக்குச் செத்துவிட்டால் ஒரு காசு தேறாது. இன்றைக்கே அறுத்துவிட்டால் கறியாவது மிஞ்சும். அவர் கத்தியை எடுப்பார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். அந்தக் கத்தி இறங்கும் இடத்தில்தான் ஆட்டு நோய் மனித நோயாக மாறுகிறது.

இதில் அறியாமை மட்டும் இல்லை, நஷ்டத்தைக் குறைத்துக்கொள்ளும் கணக்கும் இருக்கிறது. "நோயுள்ள ஆட்டை அறுக்காதீர்கள்" என்று சுவரொட்டி ஒட்டினால் மட்டும் அந்தக் கணக்கு மாறாது.

மணி அடித்தது, யார் எழுந்தார்கள்?

இப்போது 2006-க்கு வருவோருக்கு ஆச்சரியம் காத்திருக்கிறது. அந்த வருடம் செப்டம்பர் மாதமே அமெரிக்காவின் நாசா விஞ்ஞானிகள் கடல் வெப்பத்தைப் பார்த்துக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு ஆபத்து என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நவம்பரில் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு எச்சரிக்கை விட்டது. மழையும் சொன்னபடி கொட்டியது.

டிசம்பரில் கென்யாவின் வடகிழக்கில் உள்ள காரிஸாவில் மனிதர்களுக்கு நோய் உறுதியானது. 2007 மார்ச் நடுவுக்குள் கென்யாவில் மட்டும் 684 பேருக்கு நோய், 155 பேர் மரணம். சோமாலியாவில் 51 பேர், தான்சானியாவில் 109 பேர் இறந்தார்கள்.

கால்நடைகளுக்கான பெரிய தடுப்பூசி முகாம் எப்போது தொடங்கியது? மனிதர்களிடம் நோய் உறுதியான பிறகு!

நோய் ஓய்ந்ததும் ஆய்வாளர்கள் அந்தப் பகுதியின் சோமாலி மேய்ச்சல்காரர்களிடம் உட்கார்ந்து விசாரித்தார்கள். அவர்களிடம் இந்த நோய்க்குத் தனிப் பெயரே இருந்தது: 'சண்டிக்'. மூக்கில் ரத்தம் வருவதைக் குறிக்கும் சொல். எந்த மழை, எந்தக் கொசு, எந்த ஆடு முதலில் விழும் என்று எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் சொன்னதைக் கோத்துப் பார்த்தபோது ஒரு கால அட்டவணை கிடைத்தது. பெருமழை தொடங்கி மூன்று வாரம் கடந்ததும் கொசுக்கூட்டம். அதிலிருந்து சுமார் இரண்டரை வாரத்தில் முதல் ஆடு. அதிலிருந்து இன்னும் இரண்டரை வாரத்தில் முதல் மனிதன். மொத்தம் எட்டு வாரம்.

எட்டு வாரம்! ஒரு கல்லூரியில் ஒரு பருவத்தின் பாதி. விண்வெளியிலிருந்து நாசா சொன்னதும், புல்வெளியிலிருந்து ஆடு மேய்ப்பவர் சொன்னதும் ஒன்றாகவே இருந்தன. நடுவில் இருந்த அலுவலகங்கள்தான் காத்திருந்தன.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. நோய் பரவத் தொடங்கிய பிறகு ஊசி போட்டால் பயன் குறைவு என்பது மட்டுமல்ல, ஆபத்தும் கூட. ஏற்கெனவே வைரஸ் இருக்கும் ஆட்டைக் குத்திய ஊசியையே அடுத்த ஆட்டுக்கும் குத்தினால், தடுப்பூசி போடுபவரே கொசுவின் வேலையைச் செய்கிறார் என்று ஆகிவிடும். நோய் பரவ ஆரம்பித்துவிட்டால் கால்நடைகளுக்கு ஊசி போடக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. 'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்' என்ற பழமொழியில் நமஸ்காரத்தால் கெடுதல் ஒன்றும் இல்லை. இங்கே அதுவும் இருக்கிறது.

கணக்கு எங்கே உதைக்கிறது?

சரியான நேரத்தில் ஊசி போடாததற்கு அதிகாரிகளின் சோம்பல் காரணம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் சோம்பல் இல்லாத இடத்திலும் இதே கதைதான் நடந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் இந்தத் தடுப்பூசியை உள்நாட்டிலேயே தயாரிக்கிறார்கள். 1950-களிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. ஆனால் போடுவதும் போடாததும் பண்ணைக்காரர் விருப்பம், செலவும் அவருடையது. 1970-களின் நடுவில் வந்த பெரிய நோய்க்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் பெரிதாக ஒன்றும் வரவில்லை. 2010-இல் வந்தபோது இருநூறு பேருக்கு மேல் மனிதர்களுக்கு நோய் உறுதியானது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

ஆக, பிரச்சினை ஆளிடம் மட்டும் இல்லை, கணக்கு எழுதும் முறையிலேயே இருக்கிறது.

ஆட்டுக்காரருக்கு ஊசி என்பது இன்றைய செலவு. நோய் வருமா வராதா, வந்தால் எந்த வருடம் என்று அவருக்குத் தெரியாது. கிழக்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பெரிய நோய்க்கு நடுவில் ஐந்திலிருந்து பதினைந்து வருடம் வரை இடைவெளி விழுகிறது. அதற்குள் மந்தை முழுக்கப் புதிய ஆடுகளாக மாறிவிடும். பழைய ஊசியின் பலன் பழைய ஆட்டோடு போய்விடும். அப்படியானால் ஒவ்வொரு வருடமும் போட வேண்டும். பத்து வருடம் பிரீமியம் கட்டி, ஒரு வருடத்து நஷ்டத்தைத் தவிர்க்கிற காப்பீடு இது. கையில் காசில்லாதவர் முதலில் வெட்டுவது காப்பீட்டைத்தான்.

தடுப்பூசி தயாரிப்பவரிடம் கேட்டால் அவர் கணக்கு வேறு. ஆர்டர் வந்தால்தான் தயாரிப்பு. வாங்க ஆளில்லாத வருடங்களில் தயாரித்து அடுக்கினால் காலாவதியாகிக் குப்பைக்குப் போகும். மழை வந்த பிறகு ஆர்டர் கொடுத்தால் தயாரித்து அனுப்புவதற்குள் கொசு முந்திக்கொள்ளும்.

கால்நடைத் துறைக்கு ஒதுக்கப்படும் பணம் எந்த ஏழை நாட்டிலும் சொற்பம். சுகாதாரத் துறைக்கு அதைவிட அதிகம். ஆனால் ஆட்டுக்கு ஊசி போடுவது சுகாதாரத் துறையின் வேலை இல்லை! ஆடு காப்பாற்றப்பட்டால் மிச்சமாவது சுகாதாரத் துறையின் ஆஸ்பத்திரிச் செலவு. செலவு ஒருவர் பேரேட்டில், லாபம் இன்னொருவர் பேரேட்டில். பொருளாதாரப் பாடத்தில் 'புறவிளைவு' என்று ஒரு தலைப்பு வரும். தொழிற்சாலைப் புகையை உதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். இந்த ஆட்டு ஊசி அதைவிட நல்ல உதாரணம்.

நோயை மறைப்பவருக்கு லாபம்

இதோடு முடியவில்லை. நோய் வந்ததை வெளியே சொன்னால் என்ன ஆகும்?

சோமாலியாவின் உயிர்நாடி ஆடு, மாடு, ஒட்டக ஏற்றுமதி. அதிலும் ஹஜ் காலத்தில் பெர்பெரா துறைமுகத்திலிருந்து சவூதிக்குப் போகும் ஆடுகள்தான் பல குடும்பங்களின் வருட வருமானம். ரிஃப்ட் காய்ச்சலைக் காரணம் காட்டி 1998-இல் சவூதி தடை போட்டது. அடுத்த வருடம் தளர்த்தியது. 2000-இல் தன் நாட்டிலேயே நோய் வந்ததும் மறுபடி தடை. இந்த முறை 2009 வரை. கிட்டத்தட்ட ஒன்பது வருடம்!

சவூதியின் மீது குற்றம் சொல்ல முடியாது. அங்கே 87 பேர் இறந்திருக்கிறார்கள். ஆனால் ஒன்பது வருடம் சந்தையை இழந்த ஒரு நாட்டு வியாபாரி என்ன பாடம் கற்றுக்கொண்டிருப்பார்? "அடுத்த முறை வாயைத் திறக்காதே" என்பதைத்தான்.

நாட்டுக்குள்ளேயும் அப்படியே. 2006-07-இல் கென்யாவில் கால்நடைப் போக்குவரத்துக்கும் அறுப்புக்கும் தடை விதித்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் பெரிய கால்நடைச் சந்தைகளில் ஒன்றான காரிஸா சந்தை மூடப்பட்டது. மேய்ச்சல்காரர், தரகர், லாரிக்காரர், கசாப்புக்காரர், இறைச்சிக்கூடத்தில் தினக்கூலிக்கு வேலை செய்பவர் என்று சங்கிலி முழுக்க அடி. கென்யப் பொருளாதாரத்துக்கு ஏற்பட்ட நஷ்டம் 210 கோடி ஷில்லிங்குக்கு மேல், அதாவது சுமார் 3.2 கோடி டாலர் என்று பிறகு கணக்கிட்டார்கள்.

நோய் வந்ததைச் சொல்பவருக்குத் தண்டனை, மறைப்பவருக்கு லாபம் என்று இருந்தால் யார்தான் சொல்வார்கள்?

மறுபக்கம்

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

முதல் வாதம், கணிப்பு தப்பலாம் என்பது. உண்மைதான். 2015-இல் பலமான எல் நினோ வந்தது, எச்சரிக்கையும் விட்டார்கள். ஆனால் கிழக்கு ஆப்பிரிக்காவில் 1997 போலவோ 2006 போலவோ பெரிய கொள்ளைநோய் வரவில்லை. மாறாக, 2018-இல் கென்யாவின் வஜீரில் எல் நினோ இல்லாமலே பெருமழையோடு நோய் வந்து சிலர் இறந்தார்கள். ஆனால் புயல் எச்சரிக்கையும் எத்தனையோ முறை தப்பியிருக்கிறது. அதற்காகக் கடலுக்குப் போன படகுகளைக் கூப்பிடாமல் விடுவார்களா? தப்பிய எச்சரிக்கையின் விலை வீணான கொஞ்சம் ஊசி. கேட்காமல் விட்ட எச்சரிக்கையின் விலை 155 உயிர்.

இரண்டாவது வாதம், தடுப்பூசியிலேயே கோளாறு இருக்கிறது என்பது. இதிலும் உண்மை இருக்கிறது. பழைய ஸ்மித்பர்ன் ஊசி உயிருள்ள வைரஸைப் பலவீனப்படுத்திச் செய்தது. சினை ஆட்டுக்குப் போட்டால் குட்டி வீசிவிடும் அபாயம் உண்டு. ஊசி போட்டுக் குட்டி போனால் அந்த மேய்ச்சல்காரர் அடுத்த முறை ஊசிக்காரரைப் பட்டிப் பக்கமே விடமாட்டார். ஆனால் மாற்று இல்லாமல் இல்லை. 'க்ளோன் 13' என்ற புதிய தடுப்பூசி 2010-இல் தென்னாப்பிரிக்காவில் பதிவானது. செயலிழக்கச் செய்த வைரஸ் ஊசியும் உண்டு, அதைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும், அவ்வளவுதான். தவிர, மாதக்கணக்கில் முன்னதாகத் தெரிந்தால் சினையில்லாத ஆடாகப் பார்த்துப் போட நேரமும் கிடைக்கும். அவசரத்தில் போடுவதால்தான் இந்தக் கோளாறு இவ்வளவு பெரிதாகிறது.

மூன்றாவது வாதம், மனிதனுக்கே ஊசி போட்டுவிடலாமே என்பது. இன்றுவரை மனிதர்களுக்கு உரிமம் பெற்று விற்பனைக்கு வந்த ஊசி கிடையாது. புதியவை பரிசோதனையில் இருக்கின்றன. ஒரு பழைய ஊசி ஆய்வகத்தில் வேலை செய்பவர்களுக்கும், எகிப்து நோய்க்குப் பிறகு சினாயில் நின்ற ஐ.நா. படைவீரர்களில் ஒரு பகுதியினருக்கும் போடப்பட்டது. ஆட்டோடு படுத்து ஆட்டோடு எழுகிறவருக்கு அது வரவே இல்லை. நாளைக்கே மனித ஊசி வந்தாலும் ஆட்டை விட்டுவிட முடியாது. ஆடு செத்தாலும் அந்தக் குடும்பம் பிழைக்காது.

நான்காவது, இது ஏழை நாடு. மலேரியாவும் தட்டம்மையும் இதைவிடப் பெரிய எமன்கள் என்பது. இதுதான் கனமான வாதம். ஆனால் வருடாவருடம் எல்லா ஆட்டுக்கும் போடச் சொன்னால்தான் இந்த வாதம் நிற்கும். ஆபத்தான வருடத்தில், ஆபத்தான பள்ளத்தாக்குகளில் மட்டும், மழைக்கு முன்னால் போடுவது என்றால் செலவு பல மடங்கு குறைகிறது. அதற்குத்தானே செயற்கைக்கோள்?

செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள்

விலங்குக்கு ஊசி போட்டு மனிதனைக் காப்பது கற்பனை இல்லை. வெனிசுவேலா குதிரை மூளைக்காய்ச்சல் என்று ஒரு கொசு நோய். 1971-இல் அது மெக்ஸிகோவிலிருந்து அமெரிக்காவின் டெக்சாஸுக்குள் நுழைந்தது. அமெரிக்க அரசு அப்போது என்ன செய்தது? குதிரைக்காரர்கள் காசு கொடுத்து ஊசி வாங்கும்வரை காத்திருக்கவில்லை. மாநிலம் மாநிலமாக லட்சக்கணக்கான குதிரைகளுக்கு ஊசி போட்டது. கொசுமருந்து தெளித்தது. நோய் டெக்சாஸோடு நின்றது.

பணக்கார நாட்டுக் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் மாட்டுக்குக் கோமாரி ஊசி போட ஆள் வருவது எல்லோருக்கும் தெரிந்த காட்சி. மாட்டுக்காரர் காசு கொடுப்பதில்லை. 2019-இல் மத்திய அரசு கோமாரிக்கும் கருச்சிதைவு நோயான புரூசெல்லோசிஸுக்கும் சேர்த்து, ஐந்து வருடத்துக்கு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கித் திட்டம் கொண்டுவந்தது. இதில் புரூசெல்லோசிஸ் பால் வழியாகவும், வீசிய கன்றைத் தொடுவதாலும் மனிதனுக்கும் வரக்கூடிய நோய். கிடேரிக் கன்றுக்குப் போடும் ஒரு ஊசி, பால் குடிப்பவரையும் பிரசவம் பார்ப்பவரையும் காக்கிறது. பக்கத்து வீட்டுக்குப் பரவும் நோய்க்கான செலவை மாட்டுக்காரர் தலையில் மட்டும் கட்டக் கூடாது என்ற நியாயம் அதில் இருக்கிறது. அதே நியாயம்தான் காரிஸாவுக்கும்.

என்னதான் வழி?

முதலாவது, ஆட்டு ஊசியைச் சுகாதாரச் செலவாக எழுத வேண்டும். கால்நடைத் துறையின் கஞ்சிக் கலயத்திலிருந்து இதை எடுக்கச் சொன்னால் என்றைக்கும் நடக்காது. சுகாதார நிதியும், சர்வதேச உதவி நிதியும் நோய் வந்த பிறகு பாய்வதற்குப் பதிலாக, எச்சரிக்கை வந்த அன்றே பாய வேண்டும். "இத்தனை அளவு கடல் சூடு, இத்தனை மழை என்றால் இந்தப் பணம் கேள்வி கேட்காமல் வெளியே வரும்" என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால் கோப்பு மேசை மேசையாகத் தூங்காது.

இரண்டாவது, தடுப்பூசிக்கு ஒரு பொதுக் கையிருப்பு. தயாரிப்பாளரிடம் வருடாவருடம் குறைந்தபட்ச அளவு வாங்குவதாக நாடுகள் சேர்ந்து ஒப்பந்தம் போட வேண்டும். கொஞ்சம் காலாவதியாகத்தான் செய்யும். தீயணைப்பு வண்டி பல நாள் சும்மா நிற்பதை யாரும் நஷ்டம் என்று எழுதுவதில்லையே. இதில் இறக்குமதி செய்யும் நாடுகளும் பங்கு போட வேண்டும். ஒன்பது வருடம் தடை போடுவதைவிட, தனக்கு வரும் ஆட்டுக்கு முன்பே ஊசி போட உதவுவது சவூதிக்கும் மலிவு.

மூன்றாவது, உண்மையைச் சொல்பவருக்கு நஷ்டஈடு. "என் மந்தையில் ஐந்து ஆடு குட்டி வீசிவிட்டது" என்று முதலில் வந்து சொல்பவருக்கு அந்த ஆட்டின் விலையாவது கிடைக்க வேண்டும். அது கிடைத்தால் அவர் கத்தியை எடுக்க மாட்டார். கத்தி எடுக்காவிட்டால் பாதித் தொற்று அங்கேயே நின்றுவிடும். எல்லாவற்றையும்விட மலிவான மருந்து இதுதான்.

கடைசியாக, மேய்ச்சல்காரர் சொல்லைக் காது கொடுத்துக் கேட்பது. 'சண்டிக்' வந்துவிட்டது என்று அவர் சொன்ன அன்று ஒரு கால்நடை மருத்துவர் வண்டியேறியிருந்தால் இரண்டரை வாரம் மிச்சமாகியிருக்கும். இதற்குச் செயற்கைக்கோள் தேவையில்லை. ஒரு செல்போன் எண்ணும், அதை எடுத்துப் பேச ஓர் ஆளும் போதும்.

2025 செப்டம்பரில் செனகல் ஆற்றின் கரையில் இதே நோய் மறுபடியும் வந்தது. செனகலிலும் மொரிட்டானியாவிலும் நூற்றுக்கணக்கானவர்களுக்கு நோய் உறுதியாயிற்று. பலர் இறந்தார்கள். 1987-லும் இதே ஆற்றங்கரையில் இதே நோய் வந்து இருநூறு பேருக்கு மேல் கொன்றிருக்கிறது. ஆறு புதிதல்ல, கொசு புதிதல்ல, ஊசியும் புதிதல்ல.

இப்போதும் எங்கோ ஒரு காய்ந்த பள்ளத்தின் மண்ணுக்குள் முட்டைகள் கிடக்கின்றன. அவற்றுக்கு அவசரம் இல்லை. அடுத்த பெருமழை வரை காத்திருக்கும். அந்த மழை வருவதற்குள் ஆட்டு ஊசிக்கான பணத்தை யார் பேரேட்டில் எழுதுவது என்று முடிவு செய்துவிட முடியுமா? கொசுவைவிட வேகமாக ஒரு கோப்பை நகர்த்துவது அவ்வளவு கடினமா என்ன?